வேற்றுலக உயிர்கள்: அறிவியலின் கேள்வியும் ஆளும் வர்க்கத்தின் விடையும்

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மணிப்பூர் தலைநகர் இம்பாலின் விமான நிலையத்துக்கு அருகே இனம் தெரியாத பறக்கும் பொருள் தென்பட்டதாகக் கூறி வான்வெளி மூடப்பட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் விமானப் போக்குவரத்து முடங்கியது. விமானப்படை தனது வான் பாதுகாப்பு ஏற்பாட்டை முடுக்கிவிட்டதாக அறிவித்தது. தேடுதலுக்கு ரஃபேல் போர் விமானங்கள் அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வந்தன. எதுவும் சிக்கவில்லை.

அந்த நாளில் மணிப்பூர் ஆறு மாதங்களுக்கும் மேலாக எரிந்துகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருந்தனர். பல்லாயிரம் பேர் நிவாரண முகாம்களில் கிடந்தனர். வானில் தெரிந்த ஒரு புள்ளிக்காகச் சில நிமிடங்களில் பறந்து சென்ற அரசு இயந்திரம், தரையில் எரிந்த கிராமங்களை நோக்கி அந்த வேகத்தில் நகரவில்லை. நாட்டின் பிரதமர் அந்த மாநிலத்தில் காலடி வைப்பதற்கு, வன்முறை தொடங்கியதிலிருந்து 28 மாதங்கள் ஆயின. ஆனால் சமூக ஊடகங்களில் அந்த வாரம் முழுவதும் சுற்றிவந்த கேள்வி வேறு: வேற்றுக்கோள்வாசிகள் இந்தியாவுக்கு வந்துவிட்டார்களா?

இந்தக் கேள்வியை எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுவது எளிது. கட்சிக் கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களிலேயே இத்தகைய காணொளிகள் பகிரப்படுகின்றன என்பதும், பகிர்பவர்களில் பலர் நேர்மையான ஆர்வத்தோடுதான் கேட்கிறார்கள் என்பதும் தோழர்கள் அறிந்ததே. எனவே இதற்கு உரிய முறையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன், இதே போன்ற இன்னொரு நிகழ்வில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது.

லடாக்கில் நடந்தது

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் காவலில் இருந்த இந்தியப் படையினர் 329 முறை வானில் ஒளிரும் பொருட்களைக் கண்டதாகப் பதிவு செய்தனர். அவை சீனத் தரப்பின் அடிவானத்திலிருந்து எழுந்து, மெல்ல நகர்ந்து, பல மணி நேரம் கழித்து மறைந்தன. அவற்றுள் 155 நிகழ்வுகள் எல்லை தாண்டிய ஊடுருவல் என்றே கணக்கில் எழுதப்பட்டன. சீன உளவு ஆளில்லா விமானங்களாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. செய்தி கசிந்ததும், ஊடகங்களில் ஒரு சாரார் சீனாவையும் மறு சாரார் வேற்றுக்கோள்வாசிகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். ராடாரில் மட்டும் எதுவும் பதிவாகவில்லை.

கடைசியில் ராணுவம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை அணுகியது. லடாக்கின் ஹான்லேயில் தொலைநோக்கி வைத்திருக்கும் நிறுவனம் அது. பொருள் எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்பதைத் துல்லியமாகக் குறிக்குமாறு படையினரிடம் கேட்கப்பட்டது. குறிப்புகள் வந்ததும் விடை தெளிவாகிவிட்டது. ஒன்று வெள்ளி, மற்றொன்று வியாழன். மெல்லிய காற்றும் தூசற்ற வானமும் கொண்ட அந்த உயரத்தில், கோள்கள் சமவெளியில் தெரிவதைவிடப் பன்மடங்கு பளிச்சென்று தெரிகின்றன. எல்லையில் பதற்றம் ஏறியிருந்த காலம் வேறு. அதே 2013 ஏப்ரலில்தான் தெப்சாங் சமவெளியில் இரு படைகளும் நேருக்கு நேர் நின்றன.

கடும் குளிரில் இரவு முழுவதும் விழித்திருந்த அந்தச் சிப்பாய்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் எழுதினார்கள். கண்டதற்குப் பொருள் கொடுத்தது அவர்களுக்கு மேலிருந்த அச்சம். இரண்டு அணுஆயுத நாடுகளுக்கு இடையே, வெள்ளிக் கோளை ஊடுருவலாகக் கணக்கெழுதும் நிலை ஏற்பட்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல என்பது விளங்கும்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் உண்டா என்பது ஒரு கேள்வி. அவை பூமிக்கு வந்தனவா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதற்கு ‘இருக்கலாம்’ என்று சொல்பவரை இரண்டாவதற்கும் ‘ஆம்’ என்று சொல்ல வைப்பதுதான் இத்துறையில் பிழைப்பு நடத்துபவர்களின் பழைய உத்தி.

முதல் கேள்வியைப் பொருள்முதல்வாதிகள் ஒருபோதும் அஞ்சியதில்லை. சொல்லப்போனால், உயிரைக் கடவுளின் தனிப்பெரும் படைப்பாகக் கருதும் கருத்துமுதல்வாதத்துக்கே இது நெருடலான கேள்வி. ஏங்கெல்ஸ் 1870களில் ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலுக்காக எழுதிய முன்னுரையில், சிந்திக்கும் மனம் இந்தப் பூமியில் ஒரு நாள் அழியக்கூடும் என்றாலும், இயங்கிக்கொண்டேயிருக்கும் பருப்பொருள் வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் அதை மீண்டும் தோற்றுவிக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். அந்நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். உயிரற்ற வேதிப்பொருட்களிலிருந்து உயிர் எப்படித் தோன்றியிருக்கக்கூடும் என்பதை, சோவியத் அறிவியலாளர் ஒபாரின் 1924-லும், அவரை அறியாமலேயே ஹால்டேன் 1929-லும் எழுதினர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘டெய்லி வொர்க்கர்’ ஏட்டில் தொழிலாளர்களுக்காக அறிவியல் எழுதிய அதே ஹால்டேன்தான் 1957-இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலில் 1995-இல் கண்டறியப்பட்டது. 2025-இல் அப்படிப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐக் கடந்தது. அவற்றில் ஒன்று, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி. வாராணசி ஐஐடியில் படித்து இப்போது கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, அக்கோளின் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடு வகை வேதிப்பொருளின் தடயம் தெரிவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. பூமியில் அது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களால் உருவாவது. தற்செயலாக அப்படியொரு அடையாளம் கிடைப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்று அக்குழுவே கூறியது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க அது போதாது என்பதையும் அதுவே சேர்த்துச் சொன்னது. மற்றக் குழுக்கள் அதே தரவுகளை எடுத்து மீண்டும் ஆராய்ந்து, சான்று அவ்வளவு வலுவானதல்ல என்றன. உயிரே இல்லாத ஒரு வால்மீனிலும் இந்தப் பொருள் இருப்பது முன்னரே தெரிந்திருந்தது. விவாதம் தொடர்கிறது. தொலைக்காட்சிகளில் ‘உயிர் கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் ஓடியது, மறுப்புகள் ஓடவில்லை.

அறிவுள்ள உயிர்கள் பற்றியோ இன்றுவரை ஒரு சான்றும் இல்லை. 1960-இல் அமெரிக்காவில் பிராங்க் டிரேக் இரண்டு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பியதிலிருந்து தேடல் நடக்கிறது. பனிப்போரின் நடுவே, 1971-இல், சோவியத் ஆர்மீனியாவின் பியூரகான் வானாய்வகத்தில் சோவியத், அமெரிக்க அறிவியலாளர்கள் ஒன்றாக அமர்ந்து இதை விவாதித்தனர். சோவியத் தரப்பில் இத்தேடலின் முன்னோடியான ஷ்க்லோவ்ஸ்கி, பிற்காலத்தில் மனிதகுலம் தனித்தே இருக்கக்கூடும் என்ற முடிவை நோக்கி நகர்ந்தார். சான்று கிடைக்காதபோது தன் கருத்தையே மறுபரிசீலனை செய்யும் இந்தத் துணிவு, பறக்கும் தட்டு வியாபாரிகளிடம் காணக் கிடைப்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. சூரியனுக்கு அடுத்த விண்மீனான புரோக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது. இந்த வேகத்தில் அவ்வளவு தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதைவிட வேகமாகப் பயணிக்கும் வழியை யாரேனும் கண்டிருக்க முடியாதென்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. ஆனால் அப்படி வந்ததாகச் சொல்பவர்கள் ஒரு திருகாணியையேனும் பொது ஆய்வகத்தில் வைத்துக் காட்ட வேண்டும். எட்டுப் பத்தாண்டுகளாக அது நடக்கவில்லை.

பென்டகனின் பறக்கும் தட்டுகள்

பறக்கும் தட்டு என்ற கதை பிறந்தது 1947-இல், பனிப்போரோடு சேர்ந்து. அந்த ஆண்டு ஜூலையில் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் அருகே விழுந்து கிடந்த சிதைவுகளை முதலில் ‘பறக்கும் தட்டு’ என்றும், உடனேயே ‘வானிலை பலூன்’ என்றும் அமெரிக்க ராணுவம் அறிவித்தது. அது சோவியத் அணுகுண்டுச் சோதனைகளை வானிலிருந்து ஒட்டுக்கேட்கும் ‘மோகுல்’ என்ற ரகசியத் திட்டத்தின் பலூன் என்பதை அமெரிக்க விமானப்படை ஒப்புக்கொண்டது 1994-இல். இடைப்பட்ட 47 ஆண்டுகளில் அந்தப் பொய் ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த புகார்களில் பாதிக்கு மேற்பட்டவை தங்களுடைய யு-2 போன்ற உளவு விமானங்களைக் கண்டவர்கள் அளித்தவை என்று, சிஐஏ 1997-இல் வெளியிட்ட வரலாற்றுக் குறிப்பே கூறுகிறது. இந்தக் கணக்கை ஐயுறுபவர்கள் உண்டு. ஆயினும் சோவியத் மண்ணுக்கு மேல் சட்டவிரோதமாகப் பறந்த உளவு விமானத்தை மறைக்க, சொந்த நாட்டு மக்களிடம் வேறு கதைகள் சொல்லப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயுதத் திட்டங்களை மூடிமறைக்க அமெரிக்க ராணுவமே பறக்கும் தட்டு வதந்திகளைத் திட்டமிட்டுப் பரப்பியதை, 1980களில் ஓர் அதிகாரி ‘ஏரியா 51’ அருகிலிருந்த மதுக்கடையில் போலிப் புகைப்படங்களைக் கொடுத்துவிட்டு வந்தது உட்பட, ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 2025 ஜூனில் அம்பலப்படுத்தியது. பங்குச்சந்தையின் ஏடே எழுதியிருப்பதால், இதை இடதுசாரிகளின் கற்பனை என்று யாரும் தள்ளிவிட இயலாது.

இப்போது கதையின் திசை சற்று மாறியிருக்கிறது. முன்பு மறைக்கப் பயன்பட்டது, இன்று நிதி கேட்கப் பயன்படுகிறது. 2008 முதல் இதற்கென ஒதுக்கப்பட்ட 2.2 கோடி டாலர் பொதுப்பணத்தின் பெரும்பகுதி, அதை முன்மொழிந்த செனட்டரின் நீண்டகால நண்பரான ஒரு கோடீஸ்வரரின் நிறுவனத்துக்குச் சென்றது. 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் முன்னாள் உளவு அதிகாரி ஒருவர், மனிதரல்லாத உயிர்களின் எச்சங்கள் அரசிடம் இருப்பதாகச் சாட்சியம் அளித்தார். தாம் நேரில் பார்த்ததாக அல்ல, பிறர் சொல்லக் கேட்டதாக. 2024 மார்ச்சில் பென்டகனின் சொந்த ஆய்வு அலுவலகம், எந்த நிகழ்வும் வேற்றுலகத் தொழில்நுட்பம் என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஒரு சிறு வட்டத்தினர் ஒருவர் சொன்னதை மற்றவர் திரும்பச் சொல்லி இக்கதையை வளர்த்திருக்கின்றனர் என்றும் அறிக்கை தந்தது. ஆனால் ‘வானில் அச்சுறுத்தல்’ என்ற சொல் அதனால் சாகவில்லை. ஆண்டுக்கு 80,000 கோடி டாலரைத் தாண்டிவிட்ட ராணுவச் செலவுக்கு எப்போதும் ஒரு பகைவன் தேவை. பூமியில் தட்டுப்பாடு வந்தால் வானத்திலும் தேடுவார்கள்.

கல் சுமந்தவர்கள் எங்கே?

இவற்றைவிட உழைக்கும் மக்களை நேரடியாகத் தாக்கும் வடிவம் ஒன்று உண்டு. 1968-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எரிக் வான் டேனிகன் எழுதி, உலகெங்கும் விற்றுத் தீர்ந்த நூலில் தொடங்கிய கதை அது: பண்டை உலகின் மாபெரும் கட்டடங்களை அக்கால மனிதர்கள் கட்டியிருக்க முடியாது, விண்ணிலிருந்து வந்தவர்களே கட்டினார்கள் அல்லது கற்றுக்கொடுத்தார்கள். இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எகிப்து, மெக்சிகோ, பெரு, இந்தியா ஆகியவற்றின் மீதே பாய்வது தற்செயல் அல்ல. ஐரோப்பாவின் பெருந்தேவாலயங்களைக் கட்டியது யார் என்று அவர்கள் கேட்பது அரிது.

கீசா பிரமிடைக் கட்டியவர்களின் கல்லறைகள் 1990 முதல் அதன் அருகிலேயே தோண்டி எடுக்கப்பட்டன. பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகளும், முறிந்து பின் ஒழுங்காகக் கட்டுப் போடப்பட்டு ஒட்டிய கைகால் எலும்புகளும் அங்கே கிடைத்தன. 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில், மேரர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு பாப்பிரசில் கிடைத்தது. தூரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கற்களைப் படகில் ஏற்றி, நைல் வழியாகக் கீசாவுக்குக் கொண்டுசேர்த்த அன்றாட வேலையின் பதிவு அது. இதுவரை கிடைத்தவற்றுள் எழுத்துள்ள மிகப் பழைய பாப்பிரஸ், ஒரு போக்குவரத்துத் தொழிலாளர் குழுவின் பணிப்பதிவேடு! அதே எகிப்தில், கிமு 12ஆம் நூற்றாண்டில், மன்னர் கல்லறைகளைச் செதுக்கிய கைவினைஞர்கள் தானியக் கூலி தாமதமானதால் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினர். வரலாற்றில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுவென்று கருதப்படுகிறது. வேற்றுக்கோள்வாசிகள் கூலி பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்ததாக யாரும் இன்னும் சொல்லவில்லை.

இந்தியாவில் இந்தக் கதையின் முதல் இலக்கு எல்லோராவின் கைலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், ஒரே மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்தது. உளித் தடங்கள் இன்றும் சுவர்களில் இருக்கின்றன. பாதியில் நின்றுபோன குடைவரைகள் வேலை நடந்த முறையைப் படிப்படியாகக் காட்டுகின்றன. அக்கோயிலைப் போற்றும் பரோடா செப்பேடு, அதைச் செய்த சிற்பியே ‘இதை எப்படிச் செய்தேன்’ என்று வியந்ததாகக் கூறுகிறது. ஆக, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வியப்பு இருந்தது. அந்த வியப்பு மனிதக் கையைப் பற்றியதாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் இதே புரளி யூடியூபில் ஓடுகிறது. அதன் கல்வெட்டுகளிலோ குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் வரை பங்கு ஒதுக்கப்பட்ட பட்டியல் இருக்கிறது.

2014-இல் சத்தீஸ்கரின் காங்கேர் மாவட்டத்தில் சாரமா அருகேயுள்ள பாறை ஓவியங்களில் வேற்றுக்கோள்வாசிகளும் பறக்கும் தட்டும் வரையப்பட்டிருப்பதாகவும், நாசா, இஸ்ரோ உதவி கோரப்படும் என்றும் மாநிலத் தொல்லியல் துறைத் தரப்பிலிருந்தே செய்தி வந்தது. பழங்குடி மக்கள் வாழும் பஸ்தர் பகுதி அது. தமக்கென ஒரு வரைகலை மரபு இருக்கக்கூடும், முகமூடி அணிந்து ஆடும் சடங்கு இருக்கக்கூடும் என்ற எளிய விளக்கம்கூட அம்மக்களின் முன்னோருக்கு மறுக்கப்பட்டது. நிலம், காடு, கனிமம் ஆகியவற்றின் மீதான உரிமை பறிக்கப்படும் இடத்தில் பாறையில் தீட்டிய கோட்டின் மீதான உரிமையும் பறிபோனது.

விமான சாஸ்திரம்

டேனிகனின் கதையும் சங் பரிவாரத்தின் கதையும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். ஒருவர் புராண விமானங்களை விண்வெளியிலிருந்து வந்தவை என்பார். மற்றவர் நம் முன்னோர் செய்தவை என்பார். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே: கவிதையைப் பொறியியல் கையேடாகப் படிப்பது.

பரத்வாஜ முனிவரின் பெயரால் உலவும் ‘வைமானிக சாஸ்திரம்’ உண்மையில் கர்நாடகத்தின் ஆனேக்கலைச் சேர்ந்த சுப்பராய சாஸ்திரி என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் 1974-இல் அதை வரி வரியாக ஆராய்ந்து, அது பண்டைய நூல் அல்ல என்றும், அதில் விவரிக்கப்படும் எதுவும் பறக்கும் தன்மை உடையதல்ல என்றும் நிறுவினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், இதே நூலை அடிப்படையாக வைத்து, பண்டை இந்தியர் கோள்களுக்கிடையே விமானம் ஓட்டினர் என்ற உரைக்கு மேடை தரப்பட்டது. 2023 அக்டோபரில் சந்திரயான்-3 பற்றி என்சிஇஆர்டி வெளியிட்ட பாடத்தொகுதியிலும் இந்நூல் இடம்பெற்றது. நிலவில் கலத்தை இறக்கிய பொறியாளர்களின் உழைப்பைப் பற்றிய பாடத்தில்!

அதே ஆண்டில்தான் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தனர். ஒன்றிய அரசு அசையவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும், அல்லது அதன்பின் உயிரியலைத் தேர்ந்தெடுக்காத கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு, பூமியில் உயிர் எப்படி மாறி வளர்ந்தது என்பது பள்ளியில் சொல்லப்படாமலேயே போகும். இதை அறியாதவரிடம் வேற்றுலகில் உயிர் உண்டா என்ற கேள்வியைப் பேசுவதெப்படி? ஹாலிவுட் படத்தில் வரும் இரு கண், இரு கை கொண்ட உருவத்தைத் தவிர வேறெதையும் அவர்களால் கற்பனை செய்ய முடியாதபடி ஓர் அரசு பார்த்துக்கொள்கிறது. அரசியல் சாசனத்தின் 51ஏ(எச்) பிரிவு அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமை என்கிறது; அந்தக் கடமையைச் செய்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்டிலும், தோழர் கோவிந்த் பன்சாரே 2015 பிப்ரவரியிலும் சுடப்பட்டு உயிரிழந்தனர்.

இடதுசாரிகளுக்குள்ளும் இந்த மயக்கம் எட்டிப் பார்த்ததுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அர்ஜென்டினாவின் டிராட்ஸ்கியவாதி போசதாஸ், விண்மீன்களைக் கடந்து வரும் ஆற்றல் பெற்ற சமூகம் வர்க்கங்களை ஒழித்த சமூகமாகவே இருக்க முடியும் என்றும், பறக்கும் தட்டில் வருபவர்களிடம் பூமியின் வறுமையை ஒழிக்க உதவி கேட்க வேண்டும் என்றும் 1968-இல் எழுதினார். அந்த ஆண்டு வியத்நாம் மக்கள் எவரிடமும் அப்படி வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு நேர்மையான முறையில் பதில் தேடியவர்களும் இருந்தார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரின் முன்முயற்சியில், 2001-லும் 2005-லும் ஐதராபாத்தில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து இஸ்ரோவின் ஆதரவோடு பலூன்கள் ஏவப்பட்டன. விண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் பூமிக்கு வருகின்றனவா என்பதை அறிய, 20 கிலோமீட்டருக்கும் மேலே, உயரடுக்கு வளிமண்டலத்தின் காற்று நுண்ணுயிர் நீக்கிய குழாய்களில் பிடித்துவரப்பட்டது. 2005-இல் கிடைத்த மாதிரிகளில் அதுவரை அறியப்படாத மூன்று பாக்டீரிய இனங்கள் இருந்தன. 2009-இல் முடிவை வெளியிட்டபோது, இவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்பதை இது உறுதியாக நிறுவவில்லை என்று இஸ்ரோ தன் அறிவிப்பிலேயே எழுதியது. மூன்றில் ஒன்றுக்கு பிரிட்டிஷ் வானியலாளர் ஹாயிலின் பெயரும், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயரும் வைக்கப்பட்டன. மூன்றாவதற்கு ஆரியபட்டரின் பெயர்.